கத்திரி வெயிலில் எதைப் படிக்கலாம், எங்கே உட்காரலாம்?

பொது நூலகங்களில் 31 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். காட்பாடியில் குடியிருக்கிறேன். கோடை விடுமுறை தொடங்கியதும் எங்கள் வாசகர் வட்டத்து நண்பர்கள் பல ஊர்களிலிருந்து கேள்விகளைத் திரட்டிக் கையில் கொடுத்துவிட்டார்கள். பெரும்பாலும் எல்லோரும் கேட்பது எந்தப் புத்தகம் என்றுதான். எத்தனை மணிக்குப் படிக்கப் போகிறீர்கள், எங்கே உட்காரப் போகிறீர்கள் என்று நான் திருப்பிக் கேட்பேன். அதைச் சொல்லிவிட்டால் புத்தகம் பாதி கிடைத்துவிட்டது என்று பொருள். நம் ஊர் வெயிலில் இது இன்னும் முக்கியம். பகல் 2 மணிக்கு ஓடுகிற புத்தகம் வேறு, விடியற்காலையில் ஓடுகிற புத்தகம் வேறு.

பிளஸ் டூ முடித்த மாணவர், காட்பாடி: ஐயா, தேர்வு முடிவு வருவதற்குள் ‘பொன்னியின் செல்வன்’ முழுவதையும் படித்துவிட ஆசை. 5 பாகங்களைப் பார்த்தாலே மலைப்பாக இருக்கிறது. முடியுமா?

தாராளமாக முடியும் தம்பி. பதிப்பைப் பொறுத்து 2,000 பக்கங்களுக்கு மேல் வரும். நாளுக்கு 70, 75 பக்கம் படித்தால் ஒரு மாதத்துக்குள் முடித்துவிடலாம். 1950 முதல் 1954 வரை வாரத் தொடராக வந்த கதை அது. அடுத்த வாரம் வரை வாசகரைக் காக்க வைக்க வேண்டும் என்பதற்காகவே ஒவ்வோர் அத்தியாயத்தின் முடிவிலும் கல்கி ஒரு முடிச்சைப் போட்டு வைத்தார். அந்த முடிச்சு உங்களைத் தானாக இழுத்துக்கொண்டு போகும். மத்தியான நேரத்துக்கு இதைவிடப் பொருத்தமான புத்தகம் கிடையாது. தூக்கம் வராது.

உங்களிடம் சொல்ல எனக்கு வேறொன்றும் இருக்கிறது. இந்தக் கதையைத் தஞ்சாவூர்க்காரர்களின் சொத்து என்றே எல்லோரும் நினைக்கிறார்கள். கதாநாயகன் வந்தியத்தேவனைக் கல்கி வாணர் குலத்தவனாகப் படைத்தார். அந்த வாணர்களின் வாணபுரம்தான் உங்கள் ஊருக்குப் பக்கத்தில் இருக்கிற திருவல்லம். 949-இல் தக்கோலத்தில் நடந்த போரில் சோழ இளவரசர் இராசாதித்தர் யானை மேல் இருந்தபடியே உயிர்விட்டார். அந்தத் தக்கோலம் நம் அரக்கோணத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. கதையில் அருள்மொழிவர்மராக வருகிற இராசராசனின் பாட்டனார் அரிஞ்சயருக்குப் பள்ளிப்படைக் கோயில், அதாவது மறைந்த அரசருக்கான நினைவுக் கோயில், இருப்பது பொன்னையாற்றங்கரை மேல்பாடியில். ‘ஆற்றூர்த் துஞ்சின தேவர்’ (ஆற்றூரில் மறைந்தவர்) என்று கல்வெட்டு சொல்வது அவரைத்தான். இராசராசனே எடுப்பித்த கோயில் அது.

முதல் பாகத்தை முடித்த சூட்டோடு அங்கே ஓடாதீர்கள். பேர்களெல்லாம் பழகி, யாருக்கு யார் தாத்தா என்று மனத்தில் பதிந்த பிறகு, மூன்றாம் பாகம் முடித்துவிட்டுப் போங்கள். ஓர் அதிகாலையில் நான் மேல்பாடிக்குப் போயிருந்தேன். கோயில் சுவர் நெடுக எழுத்துகள். விரலால் தடவிப் பார்த்தேன், கல் இன்னும் குளிர்ச்சியாக இருந்தது. சுவரோரத்து நிழலில் உட்கார்ந்து நான்கைந்து அத்தியாயம் படித்தேன். நிழல் சுருங்கிக் கால்விரலைத் தொட்டபோது எழுந்தேன். அன்று படித்த பக்கங்கள் மட்டும் இன்றும் எனக்கு அப்படியே நினைவில் நிற்கின்றன.

ஒரு தாய், குடியாத்தம்: என் மகன் ஐந்தாம் வகுப்பு முடித்திருக்கிறான். கையிலிருந்து கைப்பேசியைப் பிடுங்கினால் அழுகிறான். நல்ல புத்தகங்களாக 10 வாங்கி வைத்தேன். ஒன்றைக்கூடத் தொடவில்லை சார்.

அம்மா, அந்த 10 புத்தகங்களையும் நீங்கள் தேர்ந்தெடுத்தீர்கள். அவன் தேர்ந்தெடுத்தது அதில் ஒன்றாவது உண்டா? முதல் வேலையாக அவனை நூலகத்துக்கு அழைத்துப் போய் விட்டுவிடுங்கள். எதை எடுத்தாலும் தடுக்காதீர்கள். படக்கதையை எடுத்தால் முகம் சுளிக்காதீர்கள். 1972-இல் முத்து காமிக்ஸ் ‘இரும்புக்கை மாயாவி’யோடு வெளிவரத் தொடங்கியது. அதைப் படித்து வளர்ந்த தலைமுறைதான் பின்னாளில் தடித்தடியான நாவல்களைப் படித்தது. என் மேசைக்கு முன்னால் இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

ஒரு சிறுவனைப் பற்றிச் சொல்கிறேன். நான் கிளை நூலகத்தில் இருந்தபோது ஒரு கோடையில் தினமும் வருவான். மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து விலங்குகள் படப் புத்தகம் ஒன்றைப் புரட்டுவான். எழுத்தைப் படிக்கவே மாட்டான். ஒரு வாரம் இப்படியே போயிற்று. எட்டாம் நாள் எறும்புதின்னிப் பக்கத்தைத் திறந்து காட்டி, “இது நம் ஜவ்வாது மலையில் இருக்கிறதா சார்?” என்று கேட்டான். எனக்குத் தெரியாது, கீழே எழுதியிருக்கிறதா பார் என்றேன். அங்கேயே எழுத்துக் கூட்டிப் படித்தான். அவன் விரலில் மாங்காய்ப் பத்தைக்குத் தொட்ட மிளகாய்த்தூள் ஒட்டியிருந்தது. அந்தப் பக்கத்தின் ஓரத்தில் சிவப்பாக ஒரு ரேகை விழுந்தது. நான் அதைத் துடைக்கவில்லை.

வீட்டில் ஒன்று செய்யுங்கள். இரவு மொட்டை மாடியில் பாய் விரித்து, நீங்களே உரக்கப் படியுங்கள். ‘டோட்டோ-சான்’ தமிழில் நேஷனல் புக் டிரஸ்ட் வெளியிட்டிருக்கிறது. பழைய ரயில் பெட்டிகளே வகுப்பறையாக இருந்த ஒரு ஜப்பானியப் பள்ளியின் கதை. ஒரு நாளுக்கு ஓர் அத்தியாயம் போதும். சுவையான இடத்தில் நிறுத்தி விளக்கை அணைத்துவிடுங்கள். மூன்றாம் நாள் அவனே புத்தகத்தைத் தேடி எடுப்பான்.

வங்கி ஊழியர், சத்துவாச்சாரி: புத்தகத்தோடு ஒரு பெண் தனியாக உட்கார வேலூரில் இடம் எங்கே இருக்கிறது?

நியாயமான கேள்வி. ஆண்களுக்கு இந்த யோசனையே வருவதில்லை. காலை 6 மணி முதல் 8 வரை கோட்டைக்குள் இருக்கிற மரத்தடிகள் நல்லவை. நடைப்பயிற்சிக்கு வருகிறவர்கள் சுற்றிலும் இருப்பார்கள், அகழியின் மேல் வருகிற காற்றும் இருக்கும். வெயில் ஏறியதும் கிளம்பிவிட வேண்டும். இருட்டிய பிறகு அங்கே தனியாகப் புத்தகத்தோடு உட்காருங்கள் என்று நான் சொல்ல மாட்டேன்.

பகல் என்றால் மாவட்ட மைய நூலகம். போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பெண்கள் காலையிலேயே வந்து இடம் பிடித்துவிடுவார்கள், கொஞ்சம் முந்திக்கொள்ளுங்கள். மூன்றாவது இடம் பலருக்குத் தோன்றாதது: ரயில். காட்பாடியிலிருந்து சென்னைக்கு 130 கிலோமீட்டர், ஏறக்குறைய இரண்டு மணி நேரம். ஒரு குறுநாவலை அரக்கோணம் தாண்டுவதற்குள் முக்கால்வாசி முடித்துவிடலாம். ஞாயிற்றுக்கிழமை உறவினரைப் பார்க்கப் போகும்போது பையில் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

மொட்டை மாடியில் மாலை 5 மணிக்கே ஏறிவிடாதீர்கள். சுற்றிலும் கல்மலைகள். பகலெல்லாம் வாங்கிய சூட்டை அவை அந்தியில்தான் திருப்பிக் கொடுக்கும். தளத்தில் இரண்டு வாளித் தண்ணீர் தெளித்துவிட்டு 7 மணிக்கு மேல் போங்கள்.

ஒரு குடும்பத் தலைவர், அரக்கோணம்: ஏலகிரியில் மூன்று நாள் தங்கப் போகிறோம். எத்தனை புத்தகம் எடுத்துப் போகலாம்?

ஆளுக்கு ஒன்று. அதற்கு மேல் வேண்டாம். சுமந்து போனதுதான் மிச்சமாகும். மலைப்பாதையின் 14 வளைவுகளுக்கும் புலவர்கள், வள்ளல்கள் பெயர்களை வைத்திருக்கிறார்கள். பிள்ளைகளை ஒவ்வொரு பலகையாகப் படிக்கச் சொல்லி, பாரி யார், கபிலர் யார் என்று கேட்டுக்கொண்டே ஏறுங்கள். ஒரு சிறு சங்க இலக்கிய அறிமுக நூல் கையில் இருந்தால் அந்தப் பயணத்துக்கு அதுவே போதும். கோடை விழா நாட்களில் ஏரிப் பக்கம் கூட்டம் நெரியும், அங்கே போய்ப் படிக்கலாம் என்று நினைக்காதீர்கள். தங்குகிற விடுதியின் வாசல் திண்ணைதான் சரி.

காலணித் தொழிற்சாலைத் தொழிலாளி, ஆம்பூர்: இரவு வேலை. பகலில் தூக்கம். ஞாயிறு மட்டும் அரைநாள் கிடைக்கும். நாவல் தொடங்கினால் அடுத்த வாரம் மறந்துவிடுகிறது அண்ணா.

சிறுகதைக்கு மாறிவிடுங்கள் தம்பி. ஓர் உட்காரலில் ஒரு கதை முடிந்துவிடும். அடுத்த வாரத்துக்குப் பாக்கி வைக்க வேண்டியதில்லை. புதுமைப்பித்தன், கு. அழகிரிசாமி இருவரில் யாருடைய தொகுப்பாக இருந்தாலும் ஓர் ஆண்டுக்கு வரும். உங்கள் பக்கத்து ஊர் பேரணாம்பட்டுக்காரர் அழகிய பெரியவன். அவருடைய கதைகளையும் தேடிப் பிடியுங்கள். நம் பகுதிப் பேச்சையும் நம் மக்களின் பாடுகளையும் அச்சில் பார்க்கிற அனுபவம் வேறு. நீண்டதைப் படிக்கத் தெம்பு வரும்போது அவருடைய ‘தகப்பன் கொடி’ நாவலுக்குப் போகலாம்.

ஓய்வு பெற்ற ஆசிரியை, வாலாஜா: கண் சீக்கிரம் களைத்துவிடுகிறது. ஆனாலும் விட மனமில்லை.

விடாதீர்கள் அம்மா. காலை வெளிச்சம் கண்ணுக்கு இதமானது. வாசலில் நாற்காலியைப் போட்டு 6 மணியிலிருந்து 7 வரை போதும். உ.வே. சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’ உங்களுக்காகவே எழுதியது போல இருக்கும். சிறு சிறு அத்தியாயங்கள். ஏடு தேடி ஊர் ஊராக நடந்த மனிதரின் கதை. 1942-இல் அவர் மறைந்ததால் முற்றுப்பெறாமல் நின்றுவிட்டது. முன்பே படித்திருந்தால் மு.வ.வின் ‘அகல் விளக்கு’ எடுங்கள். 1961-இல் சாகித்திய அகாடமி விருது பெற்ற நாவல். உங்கள் வாலாஜாவும் பாலாறும் அதில் வருகின்றன. இளமையில் பாடமாகப் படித்தவர்கள்கூட இந்த வயதில் திரும்பப் படித்தால் வேறு புத்தகமாகத் தெரிகிறது என்கிறார்கள். எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஆற்றில் நீர் ஓடிப் பார்த்தவர்களுக்கு அது இன்னும் ஆழமாகப் படும்.

ஒரு கல்லூரி மாணவர், இராணிப்பேட்டை: புதிதாக வாங்கிய புத்தகம் ஒரு வாரத்தில் தாள் தாளாகக் கழன்றுவிட்டது. அச்சகத்தின் தவறா?

வண்டிப் பெட்டிக்குள் வைத்துவிட்டு வெயிலில் நிறுத்தினீர்களா? இப்போதைய புத்தகங்களில் பெரும்பாலானவை சூட்டில் உருகும் பசையால் ஒட்டியவை. வெயில் படும் பெட்டிக்குள் அந்தப் பசை இளகிவிடும். துணிப்பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொள்ளுங்கள். நூல் கொண்டு தைத்த கட்டமைப்பு கிடைத்தால் பத்து இருபது ரூபாய் கூடக் கொடுத்தாலும் தகும். அலமாரியில் வசம்புத் துண்டு போட்டு வையுங்கள், பூச்சி அண்டாது. ஓலைச்சுவடிக் காலத்திலிருந்தே நம்மவர்கள் செய்துவந்தது.

ஒரு வாசகர், திருப்பத்தூர்: காசு செலவில்லாமல் படிக்க வழி?

கிளை நூலகத்தில் உறுப்பினராகுங்கள். இணையத்தில் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் இருக்கிறது. 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டம் இருக்கிறது. பழைய நூல்கள் அனைவருக்கும் இலவசம்.

வரலாற்று ஆர்வலர், வேலூர்: கோட்டைக்குள்ளேயே உட்கார்ந்து கோட்டையின் கதையைப் படிக்க வேண்டும். எதைப் படிக்கலாம்?

ந. சஞ்சீவி எழுதிய ‘வேலூர்ப் புரட்சி’. நெற்றியில் சமயக்குறி கூடாது, தாடி கூடாது, தோல் சின்னம் வைத்த புதிய தலைப்பாகையை அணிந்தே ஆக வேண்டும் என்று ஆங்கிலேய அதிகாரிகள் சிப்பாய்களை நெருக்கினார்கள். 1806 ஜூலை 10 விடியலுக்கு முன் கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தார்கள். ஆற்காட்டிலிருந்து பிரிட்டிஷ் படை அதிகாரி ஜில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்து சேர்ந்ததும், காலை முடிவதற்குள் கிளர்ச்சி அடக்கப்பட்டது. சிப்பாய்கள் நூற்றுக்கணக்கில் கொல்லப்பட்டார்கள். திப்புவின் பிள்ளைகள் குடியிருந்த மகால்களைப் பார்த்தபடி இதைப் படிக்கையில் நெஞ்சு அடைக்கும். அடுத்து ராஜாஜியின் சிறை நாட்குறிப்பு. 1921 டிசம்பரிலிருந்து மூன்று மாதம் வேலூர்ச் சிறையில் இருந்தபடி எழுதியது. சிறிய நூல், ஒரே காலையில் முடிந்துவிடும்.

ஓர் இல்லத்தரசி, ஆற்காடு: பாதியில் நின்றுபோன புத்தகங்கள் ஏழெட்டு இருக்கின்றன. குற்ற உணர்ச்சியாக இருக்கிறது.

நூலகத்தில் எடுத்தவை என்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், சொந்தப் புத்தகம் என்றால் யாருக்காவது கொடுத்துவிடுங்கள். உங்களுக்கு ஓடாதது இன்னொருவருக்கு ஓடும். அலமாரியைக் காலி செய்தால் புதிதாக ஒன்றைத் தொடங்கக் கை வரும்.

நோயாளியுடன் தங்கியிருக்கும் ஒரு பெண், தருமபுரியிலிருந்து வந்தவர்: கணவரின் சிகிச்சைக்காக வேலூரில் லாட்ஜில் ஒரு மாதமாக இருக்கிறோம். காத்திருந்து காத்திருந்து மனம் ஓய்ந்துவிட்டது. படித்தாலும் ஒரு வரி ஏறவில்லை. என்ன செய்யட்டும்?

தாயே, வரி ஏறாதது உங்கள் குறையல்ல. டோக்கன் எண்ணுக்குக் காது கொடுத்துக்கொண்டிருக்கிற ஒருவருக்கு நாவல் ஏறாது. எந்த இடத்தில் விட்டாலும் எந்த இடத்தில் எடுத்தாலும் குறையாத புத்தகம் வேண்டும். நாட்டுப்புறக் கதைத் தொகுப்பு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று பக்கத்துக் கதைகள், பாட்டி சொன்ன மாதிரி. நோயைப் பற்றிய எதையும் இப்போது வேண்டாம்.

மாலையில் அறைக்குத் திரும்பியதும் அவருக்கு ஒரு கதையை வாய்விட்டுப் படியுங்கள். உங்களுக்கு ஏறாத வரி, அவருக்காகப் படிக்கும்போது ஏறும். நடுவில் அவர் கண்ணயர்ந்தால் புத்தகத்தை அப்படியே மூடி வையுங்கள். மறுநாள் மாலை, நேற்று எங்கே நிறுத்தினோம் என்று அவரையே கேளுங்கள்.