பீரோச் சாவியைப் பிள்ளைகளிடம் கொடுங்கள்

கேள்வி: விழுப்புரம் மாவட்டத்தில் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் வேலை பார்க்கிறேன். ஈராசிரியர் பள்ளி, 42 பிள்ளைகள். நூலகத்துக்கென்று வந்த கதைப் புத்தகங்கள் முந்நூறுக்கு மேல் இருக்கின்றன. போன ஆண்டு ஆசையாக வீட்டுக்குக் கொடுத்தனுப்பினேன். ஐந்து புத்தகங்கள் திரும்பவே இல்லை. இருபது போல அட்டை கிழிந்து, கிறுக்கி, எண்ணெய்க் கறையோடு வந்தன. "ஆடிட் வந்தால் நான்தானே பதில் சொல்லணும்" என்று தலைமையாசிரியர் பீரோவைப் பூட்டிவிட்டார். அவரையும் குறை சொல்ல முடியவில்லை. சின்னப் பிள்ளைகளுக்குப் புத்தகத்தைப் பொறுப்பாகக் கையாள எப்படிச் சொல்லிக்கொடுப்பது?
– பெயர் வெளியிட விரும்பாத ஆசிரியை

பதில்:

அன்புள்ள டீச்சர்,

தொலைந்தது எத்தனை, கிழிந்தது எத்தனை என்று எழுதியிருக்கிறீர்கள். நல்லபடியாகத் திரும்பி வந்தவை எத்தனை என்று எழுதவில்லை. ஓர் ஆண்டு முழுக்கக் கொடுத்து வாங்கியதில் இருபத்தைந்துதான் சேதம் என்றால், மற்றதை எல்லாம் உங்கள் பிள்ளைகள் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்கள். யாரும் எதுவும் சொல்லிக்கொடுக்காமலே இவ்வளவு செய்த பிள்ளைகள் அவர்கள். அதை முதலில் அவர்களிடம் சொல்லுங்கள். பீரோ பூட்டிக் கிடப்பது தங்களுக்கான தண்டனை என்றுதான் இப்போது அவர்கள் நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் செய்த தவறு ஒன்றைச் சொல்கிறேன். புத்தகத்தைக் கிழித்தால் அப்பாவைக் கூட்டிக்கொண்டு வர வேண்டும் என்று மூன்றாம் வகுப்பில் கண்டிப்பாகச் சொல்லிவைத்தேன். நன்றாகப் படிக்கும் ஒரு பெண் பிள்ளை திடீரென்று பள்ளிக்கு வருவதை நிறுத்திவிட்டாள். எட்டாம் நாள் வீட்டுக்குப் போனேன். அவள் அம்மா சமையல்கட்டில் இருந்த அரிசிப் பானைக்குள் கையை விட்டு ஒரு புத்தகத்தை எடுத்துக் கொடுத்தார். குட்டித் தம்பி இரண்டு தாளைக் கிழித்திருக்கிறான். அவ்வளவுதான். அந்த இரண்டு தாளுக்காக அந்தப் பிள்ளை எட்டு நாள் பயந்து ஒளிந்திருந்தாள். புத்தகத்தைக் காப்பாற்றுகிறேன் என்று பிள்ளையைத் தொலைக்கப் பார்த்தேன். இன்றைக்கு நினைத்தாலும் மனம் கூசுகிறது.

அதனால் நூலகத்தில் நீங்கள் சொல்லிக்கொடுக்க வேண்டிய முதல் பாடம் "கிழிக்காதே" இல்லை. "டீச்சர், கிழிஞ்சிடுச்சு" என்று பயப்படாமல் வந்து சொல்வதுதான். பொறுப்பு என்பது தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு இதுதான். ஆறு வயதுக் கைக்குத் தாள் கிழியத்தான் செய்யும். கிழிந்ததை மறைக்கக் கற்றுக்கொள்ளக் கூடாது, அதுதான் முக்கியம்.

இதை வாயால் சொன்னால் நம்ப மாட்டார்கள், செய்து காட்ட வேண்டும். ஏற்கெனவே பழுதான புத்தகம் ஒன்றை எடுத்துக்கொண்டு எல்லாரையும் சுற்றி உட்கார வையுங்கள். அவர்கள் பார்க்கும்போதே ஒரு தாளை லேசாகக் கிழியுங்கள். வகுப்பே திடுக்கிடும். "அய்யோ டீச்சர்!" என்று ஒரு குரலாவது கேட்கும். "சரி, இப்போ என்ன செய்யலாம்?" என்று கேட்டுவிட்டு, அவர்கள் கையாலேயே ஒட்ட வையுங்கள். மெல்லிய வெள்ளைத் தாளில் ஒரு கீற்று, அதில் துளி ஃபெவிகால். ஒட்டிய பக்கம் அடுத்த பக்கத்தோடு ஒட்டிக்கொள்ளாமல் இருக்க நடுவில் ஒரு பிளாஸ்டிக் கவரை வைத்து மூடி, மேலே கனமான அகராதியை வைத்துவிட வேண்டும். மறுநாள் காலை வந்ததும் அதைத்தான் முதலில் திறந்து பார்ப்பார்கள். செல்லோ டேப் மட்டும் வேண்டாம். கொஞ்ச நாளில் மஞ்சளாகி, பிசின் ஊறி, உரிக்கும்போது எழுத்தையும் சேர்த்துக்கொண்டு வந்துவிடும். பழுதான புத்தகங்களைப் போட ஓர் அட்டைப்பெட்டியை வகுப்பு மூலையில் வையுங்கள். அதற்குப் பிள்ளைகளே பெயர் வைப்பார்கள். என் வகுப்பில் அது 'ஆஸ்பத்திரி'.

கையாளும் முறைகளில் எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்டாதீர்கள், வாரத்துக்கு ஒன்று போதும். பிள்ளைகள் புத்தகத்தை எடுக்கும்போது முதுகின் உச்சியில் விரலை விட்டுத்தான் இழுப்பார்கள். அங்கேதான் அட்டை முதலில் பிய்கிறது. இருபுறமும் உள்ள புத்தகங்களைக் கொஞ்சம் உள்ளே தள்ளிவிட்டு, நடுவில் பிடித்து எடுக்கப் பழக்குங்கள். தாளை மேல் மூலையில் தொட்டுத் திருப்ப வேண்டும், எச்சில் தொடக் கூடாது. (இதை அவர்கள் நம்மிடமிருந்துதான் கற்றுக்கொள்கிறார்கள். வருகைப் பதிவேட்டை நாம் எப்படித் திருப்புகிறோம் என்று ஒரு நாள் கவனித்துப் பாருங்கள்.) அடையாளத்துக்குப் பக்கத்தின் காதை மடிக்கும் பழக்கத்தை மாற்ற, பழைய கல்யாணப் பத்திரிகைகளை நீளமாக வெட்டிக் கொடுங்கள். ஆளுக்கு ஒன்று, பின்பக்கம் அவரவர் பெயர். ஒரு புத்தகத்தை எடுத்த இடத்தில் தன் அட்டையைச் செருகிவிட்டுப் போனால், திருப்பி எங்கே வைப்பது என்ற குழப்பமும் வராது.

புத்தகத்தில் கால் பட்டால் கண்ணில் ஒற்றிக்கொள்ள நம் பிள்ளைகளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. மயிலிறகைப் பக்கத்துக்கு நடுவில் வைத்து, குட்டி போடும் என்று தினமும் திறந்து பார்ப்பவர்கள் அவர்கள். மரியாதை இருக்கிறது, பிரியமும் இருக்கிறது. கைப்பழக்கம்தான் இல்லை. பூட்டிய பீரோவைப் பார்த்துக்கொண்டே இருந்தால் அது வந்துவிடாது. 4, 5ஆம் வகுப்புக்கு வரும் 'ஊஞ்சல்' இதழைக் கொடுத்தே பழக்கத் தொடங்கலாம். இதழ் கசங்கினால் ஹெச்.எம்.முக்கும் அவ்வளவு மனக்கஷ்டம் இருக்காது.

அடுத்து கிறுக்கல். என் அனுபவத்தில், பிள்ளை படிக்க முடியாத புத்தகத்தில்தான் அதிகம் கிறுக்குகிறது. இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்குப் பக்கம் நிறைய எழுத்து இருக்கும் புத்தகத்தைக் கொடுத்தால், அது வேறு என்ன செய்யும்? படத்துக்கு மீசை வரையும். அதனால் புத்தகங்களை எளிது, கொஞ்சம் கடினம், பெரிய பிள்ளைகளுக்கு என்று பிரித்துவிடுங்கள். பிரதம் புக்ஸ் வெளியீடுகளில் 1 முதல் 4 வரை வாசிப்பு நிலை அச்சிட்டே இருக்கும். மற்றவற்றை நீங்களே புரட்டிப் பார்த்து முடிவு செய்யலாம். எலெக்ட்ரிகல் கடையில் சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம் என்று இன்சுலேஷன் டேப் கிடைக்கும். முதுகில் அரை விரல் அகலத்துக்கு ஒட்டிவிட்டால் எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளையும் தன் நிறத்தை எடுத்து, அதே நிறத்தோடு திருப்பி வைத்துவிடும். ஆனால் ஒரு நிறத்துக்குள்ளேயே யாரையும் கட்டிப்போடாதீர்கள். இரண்டாம் வகுப்புப் பையன் திமிங்கலப் படத்துக்காகப் பெரிய புத்தகத்தைக் கேட்டால் தாராளமாகக் கொடுங்கள்.

எண்ணெய்க் கறைக்கும் மழைக்கும் ஒரே மருந்து, தனிப் பை. வீட்டுக்குப் போகும் நூலகப் புத்தகம் டிபன் பாக்ஸோடு ஒரே பைக்குள் போகக் கூடாது. மஞ்சப்பை நம் ஊரில் எல்லார் வீட்டிலும் இருக்கிறது. 2021இல் அரசே 'மீண்டும் மஞ்சப்பை' என்று இயக்கம் தொடங்கிய பிறகு இன்னும் பரவலாகக் கிடைக்கிறது. மழைக்காலத்தில் உள்ளே ஒரு பால் கவரையோ மளிகைக் கவரையோ போட்டுக்கொள்ளட்டும். அப்புறம், புத்தகத்தைக் கொடுக்கும்போது ஒவ்வொரு பிள்ளையிடமும் ஒரு கேள்வி கேளுங்கள்: "உங்க வீட்ல இந்தப் புத்தகம் ராத்திரி எங்க தூங்கும்?" சாமி மாடத்தில், டிவி ஸ்டாண்டு மேலே, பாட்டி டிரங்குப் பெட்டியில் என்று பதில் வரும். தம்பி கைக்கு எட்டாத ஓர் இடத்தை அந்தப் பிள்ளையே தேடிக் கண்டுபிடித்துவிட்டால் பாதிச் சேதம் நின்றுபோகும்.

தொலைந்தால் காசு கேட்காதீர்கள். இதை மட்டும் மிகக் கண்டிப்பாகச் சொல்கிறேன். நூறு நாள் வேலைக்குப் போகும் அம்மாவிடம் அறுபது ரூபாய் கேட்டால், அவர் கொடுத்தும்விடுவார். "இனிமே லைப்ரரி புக்கைத் தொடாத" என்று பிள்ளையிடம் சொல்லியும்விடுவார். பணத்துக்குப் பதில் வேலை கொடுக்கலாம், தண்டனையாக இல்லாமல். தொலைத்த பிள்ளை அந்த வாரம் 'ஆஸ்பத்திரி'யில் உதவட்டும், அல்லது முதல் வகுப்புக்கு ஒரு கதை வாசித்துக் காட்டட்டும்.

இப்போது சாவி விஷயத்துக்கு வருகிறேன். 4, 5ஆம் வகுப்பில் வாரத்துக்கு இரண்டு பேரை நூலகப் பொறுப்பாளர்களாகப் போடுங்கள். பீரோவைத் திறப்பது, வழங்கல் பதிவேட்டில் எழுதுவது, திரும்பி வந்ததைச் சரிபார்ப்பது, மாலையில் பூட்டிச் சாவியை ஹெச்.எம். கையில் ஒப்படைப்பது வரை எல்லாம் அவர்கள் வேலை. எழுத வராத சின்னப் பிள்ளைகள் பதிவேட்டில் தங்கள் அடையாளமாக ஒரு படம் வரையட்டும், பூ, மாடு, குடை எதுவாகவும் இருக்கலாம். முறை வைத்து எல்லாருக்கும் வாய்ப்பு வர வேண்டும். நன்றாகப் படிக்கிற பிள்ளைக்கு மட்டும் கொடுத்துவிட்டால் மற்றவர்களுக்கு அது யாரோ ஒருவருடைய பீரோவாகிவிடும். வகுப்பிலேயே அதிகம் கிழிக்கிறவன் என்று நீங்கள் நினைக்கும் பையனை முதல் மாதத்திலேயே பொறுப்பாளராக்குங்கள். சாவியை இடுப்புக் கயிற்றில் கட்டிக்கொண்டு அவன் நடக்கிற நடையைப் பார்க்க உங்களுக்கு ஆசையாக இருக்கும்.

ஹெச்.எம்.முக்கு ஆடிட் பயம் இருப்பது நியாயம்தான். எந்த ஆசிரியருக்கும் அது உண்டு. அவரிடம் இரண்டு விஷயம் சொல்லுங்கள். 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் ஒவ்வொரு பள்ளியிலும் நூலகம் வேண்டும் என்கிறது. அதில் கதைப் புத்தகங்களும் இருக்க வேண்டும் என்று அட்டவணையிலேயே குறிப்பிடுகிறது. அந்தப் புத்தகம் பிள்ளை கைக்குப் போவதற்காக வாங்கியது. இன்னொன்று, மத்திய அரசின் 2017ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகளில் 215ஆவது விதி. ஓர் ஆண்டில் வழங்கிய, வாசிக்க எடுத்த நூல்களில் ஆயிரத்துக்கு ஐந்து தொலைவது இயல்பே என்று அது ஏற்றுக்கொள்கிறது. நேர்மைக் குறைவோ கவனக்குறைவோ காரணமாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான். அது மத்திய அரசு அலுவலகங்களுக்கான விதி, உங்கள் ஆடிட் அதன்படி நடக்கும் என்று சொல்லவில்லை. ஆனால் கணக்கைப் பாருங்கள். 42 பிள்ளைகள் வாரம் ஒரு புத்தகம், நாற்பது வாரம் என்றால் 1,680 முறை வழங்கியிருப்பீர்கள். அந்த விதியின் கணக்கில் எட்டுப் புத்தகம் வரை தொலையலாம். உங்களிடம் தொலைந்தது ஐந்து. புழங்கும் நூலகத்தில் கொஞ்சம் சேதம் இருக்கும் என்று அரசு விதியே ஒப்புக்கொள்ளும்போது நாம் ஏன் இவ்வளவு நடுங்க வேண்டும்? வழங்கல் பதிவேடு ஒழுங்காக இருக்கட்டும். தொலைந்ததையும் கிழிந்ததையும் தேதியோடு குறித்து, பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் வைத்து, தீர்மானப் பதிவேட்டில் ஒரு வரி எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். இது ஹெச்.எம்.முக்குப் பெரிய தைரியம்.

சீர்காழியில் 1892இல் பிறந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ்.ஆர்.ரங்கநாதன், நூலகத்துக்கென்று ஐந்து விதிகளை 1931இல் வெளியிட்டார். அதில் முதல் விதியே புத்தகங்கள் பயன்படுத்துவதற்காக என்பதுதான். முன்பு ஐரோப்பாவில் புத்தகங்களைச் சங்கிலியால் அலமாரியோடு பிணைத்து வைத்திருந்ததை எடுத்துக்காட்டித்தான் அவர் அந்த விதியை விளக்குகிறார். அதே 1931இல் மன்னார்குடியில் கனகசபைப் பிள்ளை என்பவர் மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றிச் சுற்றியுள்ள கிராமங்களுக்கு அனுப்பத் தொடங்கினார். வண்டி குலுங்கியிருக்கும், தூசி படிந்திருக்கும், சில புத்தகங்கள் திரும்பாமலும் போயிருக்கும். வண்டியை அனுப்பிக்கொண்டுதான் இருந்தார்கள்.

திங்கட்கிழமையே தொடங்குங்கள். முந்நூறையும் வெளியே எடுக்க வேண்டாம், ஆளுக்கு ஒன்று என்று 42 போதும். முதல் இரண்டு வாரம் பள்ளியிலேயே வாசிக்கட்டும், மூன்றாவது வாரம் வெள்ளிக்கிழமை மஞ்சப்பையோடு வீட்டுக்குப் போகட்டும்.

தொலைந்த ஐந்து புத்தகங்களைப் பற்றி: வராந்தாவில் ஓர் அட்டைப்பெட்டியை ஒரு வாரம் வையுங்கள். யார் போட்டது என்று கேட்க மாட்டோம் என்று சொல்லிவிட்டு, நிஜமாகவே கேட்காதீர்கள். நான் அப்படி வைத்தபோது மூன்று புத்தகங்கள் திரும்பி வந்தன. ஒன்றின் பின்னட்டை உள்பக்கத்தில் பென்சிலால் புள்ளி வைத்து ஒரு கோலம் போட்டிருந்தது. யாரோ ஓர் அம்மா, கோலத்தை மறக்காமலிருக்க வேறு தாள் கிடைக்காமல் அதில் வரைந்து வைத்திருக்க வேண்டும். அழிக்க மனம் வரவில்லை. அப்படியே பச்சை டேப் ஒட்டி அடுக்கில் வைத்துவிட்டேன்.