கேளுங்கள், சொல்கிறேன்: அறை பிரித்த அலுமினியத் தட்டு

கேள்வி: சூடாக்கி உடனே சாப்பிடும் உறைந்த சாப்பாட்டை ஸ்வான்சன் கம்பனிதான் முதலில் கொண்டுவந்ததா? தட்டு ஏன் அறை அறையாக இருக்கிறது? வீட்டில் மீனை அப்படி உறையவைத்தால் ஏன் சப்பென்று போகிறது?
வாசகி, உப்புவெளி

பதில்: இல்லை, தங்கச்சி. பெயர் ஸ்வான்சனுக்குப் போய்விட்டது, அவ்வளவுதான். 1945இலேயே மாக்ஸன் என்ற அமெரிக்க நிறுவனம் விமானங்களில் சூடாக்கிப் பரிமாற இறைச்சி, மரக்கறி, உருளைக்கிழங்கு மூன்றையும் அறை பிரித்த ஒரே தட்டில் உறையவைத்தது. அது கடைக்கு வரவில்லை. 1949இல் பிட்ஸ்பர்க் நகரில் பெர்ன்ஸ்டீன் சகோதரர்கள் அதையே அலுமினியத் தட்டில் அடைத்து விற்றார்கள். 1954க்குள் 25 லட்சத்துக்கு மேல் போனது. அந்த ஆண்டில்தான் ஸ்வான்சன் முந்தியது: ஒரு கோடிக்கு மேல், ஒன்று 98 அமெரிக்கச் சதம். பெட்டியையே தொலைக்காட்சிப் பெட்டி போல அச்சடித்திருந்தார்கள்.

எனக்கு அந்தத் தட்டின் மேல்தான் பெரிய மரியாதை. வான்கோழி இறைச்சி சூடேற நேரம் எடுக்கும், பட்டாணி சட்டென்று வெந்துவிடும். ஒரே அவன் அடுப்பில், ஒரே நேரத்தில் எல்லாம் பதமாக வரவேண்டும். ஸ்வான்சனில் வேலை செய்த பெட்டி குரோனின் என்ற பெண் நுண்ணுயிரியலாளர் இதைச் சரிக்கட்டத்தான் பாடுபட்டார். அவருடைய பெயரைப் பலர் சொல்வதில்லை, சொல்லவேண்டும். அறைகள் இருப்பதால் ஒன்றின் சாறு மற்றதில் ஓடாது. அலுமினியம் சூட்டை வேகமாகக் கடத்தும். ஆனால் மைக்ரோவேவ் அலைகள் உலோகத்துக்குள் புகாதே! அதனால் 1986இல் ஸ்வான்சனும் அலுமினியத்தைக் கைவிட்டது.

இனி உங்கள் மீன். நான் திருகோணமலையில் மீன் வாடிகளுக்கு ஐஸ் கொடுத்துப் பழகியவன், இந்தக் கேள்வி என்னிடம் அடிக்கடி வரும். மெதுவாக உறைந்தால் தசைக்குள் பெரிய பனிப்படிகங்கள் வளர்ந்து தசையைக் கிழிக்கும். உருகும்போது தண்ணீரோடு ருசியும் வடிந்துவிடும். கிளாரன்ஸ் பேர்ட்சாய் என்ற அமெரிக்கர் இன்றைய கனடாவின் லாப்ரடோரில் கடுங்குளிர்க் காற்றில் மீன் நொடியில் விறைப்பதைப் பார்த்துத்தான் வேக உறைதலைப் பிடித்தார். பிறகு மீனை மட்டைப் பெட்டியில் அடைத்து, குளிர்ந்த உலோகத் தட்டுகளுக்கு நடுவே வைத்து அழுத்தினார். பெட்டி மெல்லியதாக இருந்ததால் குளிர் நடுவரை சீக்கிரம் போனது.

நீங்களும் அறக்குளா மீனை முழுசாகத் திணிக்காதீர்கள். துண்டு போட்டு, பையில் காற்றை வெளியேற்றி, ஒரே அடுக்காகப் பரப்பி, பிரீசரின் அடித்தட்டில் நேராகத் தொடும்படி வையுங்கள். ஒன்றின் மேல் ஒன்று அடுக்குவது உறைந்த பிறகு. கறியில் உருளைக்கிழங்கு இருந்தால் எடுத்துவிடுங்கள், உறைந்து உருகினால் அது பஞ்சாகிவிடும்.