உறையை ஊறப்போடாதீர்கள்

கேள்வி: தேவகோட்டையில் எங்கள் வளவு வீட்டுப் பெட்டகத்தில், சாரண ஆசிரியராக இருந்த எங்கள் ஐயா சேர்த்த தபால் உறைகள் கிடைத்தன. 1937 டெல்லி ஜாம்போரியில் (சாரணர் பெருந்திரள் முகாம்) ராக்கெட்டில் வைத்து அனுப்பிய உறையும் ஒன்று. காரைக்குடித் தரகர் ஒருவர், "தபால்தலைக்குத்தான் விலை, ஊறப்போட்டுப் பிரிச்சுட்டு வாங்க" என்கிறார். பிரிக்கலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். பிரித்த தலை வெறும் படம். அது எந்த ஊரிலிருந்து, எந்தத் தேதியில், எந்தச் சேவையில் போனது என்பதெல்லாம் உறையில்தான் இருக்கிறது: முத்திரை, 'ஆர்' எழுத்துப் பதிவுச் சீட்டு, பின்பக்கம் போய்ச்சேர்ந்த ஊர் முத்திரை. 1967இல் வந்த நம் 15 காசு சாரணர் தலை தனியாக மலிவுதான். அதுவே பதிவுத் தபாலில் போன உறையில் இருந்தால் கதை வேறு. பதிவுத் தபாலையே 2025இல் விரைவுத் தபாலோடு சேர்த்துவிட்டார்கள். ஒரு பழைய சேவையை மூடுகிறோமே என்று யாருக்கும் உறைத்ததாகத் தெரியவில்லை.

ராக்கெட் உறைக்கு மட்டும் தனிக் கணக்கு. அதில் இருக்கும் ராக்கெட் சீட்டு தபால்தலையே அல்ல. தபாலை ராக்கெட்டில் அனுப்பிப் பார்த்த கல்கத்தாவின் ஸ்டீபன் ஸ்மித் தன் சோதனைகளுக்காக அச்சிட்டது; அஞ்சல் துறை வெளியிட்டதல்ல. "அப்ப செல்லாத சீட்டுதானே" என்று தரகர் அடிமாட்டு விலை பேசுவார். செல்லாததுதான், ஆனாலும் சேகரிப்பாளர்கள் தேடுவது அதைத்தான். தபால்தலை இல்லையே என்றும் கவலைப்படாதீர்கள். ஸ்மித்தின் கையெழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். பல உறைகளில் இருக்கும்.

அடுத்து, உங்கள் உறைக்கு மாற்றாக 1918இன் செக் நாட்டுச் சாரணர் தபால்தலைகளை நீட்டுவார்கள். பிராகில் சாரணச் சிறுவர்கள் தேசியக் குழுவின் கடிதங்களைக் கையால் கொண்டுபோய்க் கொடுத்தபோது வந்தவை, 10 ஹாலர் (அந்நாட்டுச் சில்லறைக் காசு) நீலம், 20 ஹாலர் சிவப்பு. போலிகள் ஏராளம், நிபுணர் சான்று இல்லாமல் தொடாதீர்கள். 1971 ஜப்பான் ஜாம்போரிக்கென்று அஜ்மான் போன்ற வளைகுடாச் சிற்றரசுகளின் பெயரில் வந்த பளபளப்புத் தலைகளோ மூட்டைக் கணக்கில் கிடைக்கும்.

லேமினேஷன் செய்யாதீர்கள், ஸ்டேப்ளர் அடிக்காதீர்கள். புதிதாக உறை அனுப்பிச் சேர்ப்பதாக இருந்தால் முத்திரை குத்தும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். நான் விடுப்புப் போட்டுக்கொண்டு போய் நீட்டிய உறையில் ஓர் ஊழியர் முத்திரையை மையில் முக்கி, சாரணர் முகத்திலேயே அப்பிவிட்டார். கேட்டால், "தேதி தெரியுதே சார்!"

சரி, இப்போது ஒவ்வோர் உறையையும் இருபக்கமும் படமெடுத்து வையுங்கள். தரகர் மறுபடி வந்தால் செல்போனைக் காட்டுங்கள், உறையைக் கையில் கொடுக்காதீர்கள்.