அமெரிக்காவில் ஃபார்மசி டெக்னீஷியனுக்கு லைசென்ஸ் எதற்கு?
மருந்தாளுநரின் மேற்பார்வையில் மாத்திரை எண்ணி, லேபிள் ஒட்டித் தருபவர்தான் ஃபார்மசி டெக்னீஷியன். பெரும்பாலான மாநிலங்களில் அந்தந்த மாநில ஃபார்மசி வாரியத்தில் பதிவோ லைசென்ஸோ வாங்கிய பிறகுதான் இந்த வேலையைச் செய்யலாம். ஏன் இவ்வளவு கெடுபிடி? ஹைட்ராக்சிசின் அரிப்புக்கு, ஹைட்ராலசின் ரத்த அழுத்தத்துக்கு, பெயரில் சில எழுத்துதான் வித்தியாசம், அவசரத்தில் பாட்டில் மாறிவிட்டால் நோயாளியின் உயிருக்கே ஆபத்து. அப்புறம், பிடிசிபி என்ற அமைப்பு 90 கேள்விகளோடு நடத்தும் தேர்வில் தேறினால் கிடைப்பது சான்றிதழ், அதை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். ஆனால் அந்தச் சான்றிதழ் மட்டுமே லைசென்ஸ் ஆகிவிடாது. டிரைவிங் ஸ்கூல் சான்றிதழை மட்டும் வைத்துக்கொண்டு ரோட்டில் வண்டி ஓட்ட முடியாதல்லவா, அது மாதிரிதான்.

சான்றிதழ் நாடு முழுக்கச் செல்லும் என்பதால் லைசென்ஸும் அப்படித்தான் என்று பலர் நினைக்கிறார்கள்; இல்லை, வேறு மாநிலத்துக்கு வேலைக்குப் போனால் அங்குள்ள வாரியத்தின் விதிதான் செல்லும்.