ஸ்கூட்டர் நம்பரும் கப்ரேகர் வாத்தியாரும்

அன்புள்ள சார்,
செகண்ட் ஹேண்ட் ஸ்கூட்டர் ஒண்ணு பாத்து வெச்சிருக்கேன். நம்பர் 6174. கூட்டினா 18, அதையும் கூட்டினா 9, ராசியான நம்பர்னு விக்கிறவர் மூவாயிரம் சேத்துக் கேக்குறார். கணக்குல இந்த நம்பருக்கு நிஜமாவே ஏதாவது விசேஷம் இருக்கா?
(பேர் போட வேண்டாம்னு கேட்டவர், மதுரை)

வணக்கம்ங்க,

இருக்கு, ஆனா அவர் சொல்ற விசேஷம் இல்ல. 1-லேர்ந்து 9999 வரைக்கும் அப்படி ஒம்பது வர்ற நம்பர் மட்டும் 1111 இருக்கு, ரோட்ல போற ஒம்பது வண்டியில ஒண்ணு எப்படியும் மாட்டும்.

நெஜ விஷயம் வேற. நாலு இலக்க நம்பர் எதாவது எடுங்க, நாலும் ஒரே இலக்கமா மட்டும் இருக்கக் கூடாது. பெருசுலேர்ந்து சிறுசா அடுக்குங்க, திருப்பியும் அடுக்குங்க, கழிங்க, வர்ற விடைய வெச்சு மறுபடி அதே. 1905 எடுத்தா 9510-லேர்ந்து 0159 போக 9351, அப்புறம் 8172, 7443, 3996, 6264, 4176, கடைசியா 6174. அதுக்கப்புறம் நகராது, 7641-ல 1467 போனாலும் அதேதான் வரும். எந்த நம்பரா இருந்தாலும் ஏழு தடவைக்குள்ள இங்க வந்து நின்னுடும்.

1905-அ சும்மா எடுக்கல. இதக் கண்டுபிடிச்ச கப்ரேகர் பொறந்த வருஷம் அது, முழுசா ஏழும் எடுத்துக்குது பாருங்க! நாசிக் பக்கம் தேவ்லாலியில ஸ்கூல் வாத்தியார் அவர், எம்.ஏ. கூட கிடையாது, 1949-ல நம்ம சென்னையில நடந்த கணித மாநாட்டுலதான் இத வெளிய சொன்னார், ஆனா 1975-ல மார்ட்டின் கார்ட்னர் அமெரிக்கப் பத்திரிகையில எழுதின பிறகுதான் உலகம் திரும்பிப் பாத்துச்சு.

இதுக்குப் பேரு கப்ரேகர் மாறிலி. ‘கப்ரேகர் எண்’ வேற, நிறைய பேர் குழப்பிக்கிறாங்க. 45-அ வர்க்கம் பண்ணா 2025, இருபதையும் இருபத்தஞ்சையும் கூட்டினா திரும்ப 45, அதுதான் கப்ரேகர் எண். 6174 அதுல தேறாது. ஆனா அவரே பேர் வெச்ச இன்னொரு வகை ஹர்ஷத் எண், அதாவது இலக்கங்களோட கூட்டுத்தொகையால மீதியில்லாம வகுபடணும், அதுல தேறும், 18 × 343.

அந்த ஒம்பது எங்கேர்ந்து வருதுன்னா, ஒரு 7 ஆயிரத்துல இருந்தா 7000, ஒண்ணுல இருந்தா 7, வித்தியாசம் 7 × 999. இலக்கம் எங்க மாறினாலும் 9, 90, 99, 900, 990, 999 இதோட மடங்குதான் வித்தியாசம், அதனால இந்தக் கழித்தல்ல எது வந்தாலும் ஒம்பதால வகுபடும். ராசி இல்லீங்க, நாம பத்து பத்தா எண்ணுறதோட விளைவு.

எட்டு எட்டா எண்ணியிருந்தா உங்க நம்பர் 14036, அஞ்சு இலக்கம், இந்த விளையாட்டே போச்சு. (கூட்டுத்தொகை அப்ப பதினாலு, 14 × 441 = 6174, அதனால ஹர்ஷத் மட்டும் அங்கயும் தப்பிச்சிடுது!) எப்படி எழுதினாலும் மாறாதது 18 + 18² + 18³ = 6174, எனக்குப் பிடிச்சது இதுதான்.

ஒம்பதுக்காக மூவாயிரம் குடுக்காதீங்க. இஞ்சினக் கேட்டுப் பாருங்க, டயரப் பாருங்க. வேண்டாம்னு முடிவு பண்ணா எனக்கு ஒரு மெயில் போடுங்க, நான் வாங்கிக்கிறேன்.