பாப்பாவுக்கு ஊசி போட மனசு வரல

மேடம் வணக்கம். நான் கோத்தகிரி பக்கம் இருக்கேன், பாப்பாவுக்கு பத்து மாசம் முடிஞ்சிருச்சு. ஒன்பது மாசம் முடிஞ்சதும் போடுற தட்டம்மை ரூபெல்லா ஊசிய இன்னும் போடல, நான்தான் விடல. அந்த ரூபெல்லா மருந்தை கலைச்ச கருவோட செல்லுல வளர்த்து எடுக்குறாங்கன்னு ஒரு வீடியோல பார்த்தேன், பொய்யா இருக்கும்னு தேடினா நிஜம்தான், அதுலருந்து தூக்கமே இல்ல. நாங்க கத்தோலிக்கர். வேற மருந்து இல்லாதப்ப போடலாம்னு ரோம்லயே சொல்லிட்டாங்க, பாவம் இல்லம்மான்னு ஃபாதர் சொல்றார். அப்பவும் மனசு கேக்கல. வீட்டுக்காரர், நம்ம குன்னூர் பாஸ்டர் இன்ஸ்டிடியூட்ல ஒரு காலத்துல ஆட்டு மூளையிலதான் நாய்க்கடி ஊசி செஞ்சாங்க, அதை போட்டவங்க எல்லாம் பாவியான்னு கத்துறார். ஆடும் மனுஷப் பிள்ளையும் ஒண்ணா மேடம்? நான் பிள்ளைய கொல்லப் பாக்குறேன்னு மாமியார் நாத்தனார்கிட்ட போன்ல சொல்றாங்க, என் காதுல விழணும்னே சத்தமா. கொல்றதை பத்தி அவங்க பேசுறாங்க, இவளுக்கு முன்னாடி ஒண்ணு உண்டானப்ப இவருக்கு வேலை இல்லன்னு அம்மாவும் பிள்ளையும் பேசி முடிவு பண்ணி என்னை கோயம்புத்தூர் கூட்டிட்டு போயிட்டாங்க, என்கிட்ட யாரும் கேக்கல, சரி அது முடிஞ்ச கதை, விடுங்க. நர்ஸம்மா வீட்டுக்கே வந்தாங்க, அவங்க முன்னாடியும் இவர் என்னை திட்டுறார். இந்த வீட்டுல என் பேச்சுக்கு மதிப்பே இல்ல. இன்னொரு பிள்ளைய அழிச்சு வந்த மருந்துலதான் என் பிள்ளை நல்லா இருக்கணுமா?

அன்புத் தங்கச்சிக்கு,

நீங்க தெரிஞ்சுக்கிட்டது உண்மைதான். 1962ல ஸ்வீடன்ல ஒரு பொண்ணுக்கு கலைச்ச கரு, 1966ல இங்கிலாந்துல இன்னொண்ணு, அந்த செல்லுங்களையே பெருக்கிப் பெருக்கித்தான் இன்னிக்கு வரைக்கும் பயன்படுத்துறாங்க. மருந்துக்குள்ள இருக்குற வைரஸும் ரூபெல்லா வந்த ஒரு தாயோட கலைச்ச கருவுலருந்து எடுத்ததுதான். ஆனா ஊசிக்காகன்னு யாரும் கருவை கலைக்கல, புதுசா கலைக்க வேண்டிய தேவையும் இல்ல. இந்த ஊசி இல்லாத காலத்துல, 1964-65ல அமெரிக்காவுல ரூபெல்லா பரவி, மாசமா இருந்த தாய்ங்களுக்கு வந்தப்ப சுமார் 20,000 குழந்தைங்க காது கேக்காம, கண் தெரியாம, இதயக் கோளாறோட பிறந்தாங்க. வயித்துலயே போனதும் ஆயிரக்கணக்குல. வயித்துல இருக்குற பிள்ளைங்கள காப்பாத்தத்தான் இந்த ஊசி வந்துச்சு.

இதெல்லாம் ஃபாதர் சொல்லியும் உங்களுக்கு அடங்கலன்னா, உங்க கேள்வி ஊசி பத்தினது இல்லன்னு நான் நினைக்கிறேன். கோயம்புத்தூர் போனதை ஒரு வரியில சொல்லிட்டு விடுங்கன்னீங்க பாருங்க, என்னால அதை விட முடியல. அந்த ஸ்வீடன் பொண்ணுகிட்டயும் யாரும் கேக்கல, அவ கருவுலருந்து செல் எடுத்து உலகம் பூரா அனுப்பினது அப்ப அவளுக்கே தெரியாது. அது தப்பு, அதுல இருந்து எத்தனை நல்லது வந்திருந்தாலும் தப்புதான். உங்களுக்கு நடந்ததும் அப்படித்தான். அந்தப் பிள்ளைக்காக நீங்க அழக்கூட யாரும் இடம் கொடுக்கல, இப்ப இந்த ஊசி விஷயத்துலதான் முதல் தடவையா உங்களால வேண்டாம்னு சொல்ல முடிஞ்சிருக்கு, அதான் இவ்வளவு கெட்டியா பிடிச்சிருக்கீங்க.

ஆனா தங்கச்சி, கோவிச்சுக்காதீங்க, அன்னைக்கு சொல்ல முடியாததை இன்னைக்கு இந்தப் பாப்பாவை வச்சு சொல்லக்கூடாது. தட்டம்மை வந்தா சின்னப் பிள்ளைங்க தாங்காது. உங்க கோபம் நியாயமானது, அதுக்கு பதில் சொல்ல வேண்டியவங்க வீட்டுலயே இருக்காங்க, பாப்பா இல்ல. வர்ற புதன்கிழமையே நர்ஸம்மாகிட்ட கூட்டிட்டு போய் போட்டுருங்க, திட்டுக்கு பயந்து இல்ல, அம்மாவா நீங்க எடுக்குற முடிவா.

அப்புறம் வீட்டுக்காரரை தனியா உக்கார வச்சு, மாமியார் இல்லாதப்ப, ஊசி பேச்சே எடுக்காம, அன்னைக்கு என்கிட்ட ஏன் கேக்கலன்னு மட்டும் கேளுங்க. அவர் கத்தலாம், எழுந்து போகலாம், திரும்பவும் கேளுங்க. போன பிள்ளைக்காக ஒரு பூசை வைக்கணும்னு தோணுச்சுன்னா ஃபாதர்கிட்ட சொல்லுங்க, வீட்டுக்காரரையும் கூட வரச் சொல்லுங்க.