பழைய சோறு மட்டும் போதுமா?

கேள்வி: மாப்பிள்ளைச் சம்பா சோற்றில் ராத்திரி தண்ணீர் ஊற்றி வைத்து, காலையில் பிள்ளைகளுக்கு என் மாமியார் கொடுக்கிறார். வெறும் மாவுச்சத்துதானே, இது போதுமா?
- வாசகி, மன்னார்குடி

பதில்: வெறும் மாவுச்சத்து என்று தள்ளிவிடாதீர்கள் அம்மா. விடிவதற்குள் அந்தச் சட்டியில் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் பெருகிவிடும், மூடியைத் திறந்ததும் வருகிற லேசான புளிப்பு வாசனையே அதைச் சொல்லும். தானியத்தில் இரும்பையும் துத்தநாகத்தையும் பிடித்து வைத்திருக்கும் பைட்டிக் அமிலம் இப்படிப் புளிக்கும்போது குறைவதால், அந்தச் சத்துகளை உடம்பு எளிதாக எடுத்துக்கொள்ளும். மாப்பிள்ளைச் சம்பா பாரம்பரியச் சிவப்பரிசி, தவிடு நீக்காதது என்றால் நார்ச்சத்தும் பி வைட்டமின்களும் உண்டு. திருத்துறைப்பூண்டிப் பக்கம் இயற்கை விவசாயி நெல் ஜெயராமன் 170க்கும் மேற்பட்ட பாரம்பரிய ரகங்களை மீட்டாரே, அந்த உழைப்பை நினைத்தால் இந்தச் சோற்றின் மேல் எனக்குத் தனி மரியாதை.

சரி, போதுமா? போதாது. புரதம் குறைவு. கெட்டித் தயிர் விட்டுப் பிசைந்து, தொட்டுக்கொள்ளப் பயறு சுண்டலோ அவித்த முட்டையோ வையுங்கள், முருங்கைக்கீரைத் துவட்டல் இருந்தால் இன்னும் நல்லது. நீராகாரத்தைக் கொட்டாதீர்கள், அரிசியிலிருந்து கரைந்த பி வைட்டமின் அதில் இருக்கிறது. அப்புறம், சித்திரை வெயிலில் சோறு நூல்விட்டாலோ வாடை மாறினாலோ யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.